ஏழாம் எண் கால்

பெட்டியைத் திறந்தபோது ஆறு கால்தான் இருந்தது. கால்காரன் மூடிவிட்டு மறுபடியும் திறந்தான். மூடித் திறந்தால் கால் முளைக்கும் என்று நினைத்தானோ என்னவோ. கறுப்பு நுரை மெத்தையில் வெட்டிய பள்ளங்கள் ஏழு. ஆறில் கால்கள் சமர்த்தாகப் படுத்திருந்தன. ஏழாவது பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"அக்கா!"

பதில் இல்லை. படுக்கையறையில் போர்வை மடித்து வைத்திருந்தது. சக்கர நாற்காலி ஜன்னலோரம் தேமே என்று நின்றது. ஊன்றுகோல்கள் இரண்டும் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தன. இரண்டு அறையும் ஒரு சமையலறையும்தான் வீடு. அதற்குள் தேடிக் கண்டுபிடிக்க அக்கா ஒன்றும் குண்டூசி இல்லை. போன் போட்டுப் பார்த்தான். சமையலறை மேடையில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், அது துள்ளித் துள்ளி அடித்தது.

நாலு வருடமாக இந்த மூன்றாம் மாடியை விட்டுத் தானாக இறங்காதவள் இன்று பார்த்து இறங்கிப் போய்விட்டாள். போனது மட்டுமா, பட்டறையின் ஏழாம் எண் காலையும் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு கால் குறைந்தால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகித்தான் போகும். அவன் வேலை பார்க்கும் பட்டறையில் செயற்கைக் கால் செய்கிறார்கள். அதனால்தான் அவனுக்கு அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. அக்கா வாழ்க்கைப்பட்டு வந்த இந்த நாட்டில் ஒரு கண்காட்சி. அதற்காகத் தன் நாட்டிலிருந்து ஏழு மாதிரிக் கால்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். விற்பதற்குச் சரக்குக் கொண்டுவந்தால் வரியைக் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துப் போவதற்குக் கொண்டுவந்தால் அதற்குத் தற்காலிக இறக்குமதி என்று பெயர். வரி கிடையாது, அதற்குப் பதிலாக உயிரை வாங்கும் நிபந்தனைகள். விற்கக் கூடாது. இரவல் தரக் கூடாது. பரிசாகக் கொடுக்கக் கூடாது. உருவத்தை மாற்றக் கூடாது. எது வந்ததோ அது, வந்தபடியே, சொன்ன நாளுக்குள் வெளியே போயாக வேண்டும். இரவல் நகை மாதிரிதான். கழுத்தில் போட்டு அழகு பார்க்கலாம், நம் பீரோவில் வைத்துப் பூட்ட முடியாது.

செய்து காட்டும்போதே தீர்ந்துபோகிற சாமான்களுக்கு மட்டும் கொஞ்சம் இரக்கம் உண்டு. பிளாஸ்டர் துணி, ரெசின், காலில் மாட்டும் உறைகள், நோட்டீஸ் ஆகியவை தனிப் பட்டியல். அவை திரும்பிப் போக வேண்டாம். செலவானது என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். ஆனால் கால் செலவாகிற சாமான் இல்லை. முதலாளி தன் பெயரில் ஜாமீன் போட்டிருந்தார். ஒன்று குறைந்தாலும் பட்டறைச் சரக்கு இனி எந்த நாட்டு எல்லையையும் தாண்ட முடியாது. "உன்னை நம்பித்தான்டா அனுப்பறேன். ஏழு போகுது, ஏழு வரணும்" என்று வழியனுப்பும்போது சொன்னார். சொன்ன நாள் இன்றைக்குத்தான். சுங்க அலுவலகம் சாயங்காலம் கதவை மூடிவிடும்.

அக்காவிடம் எப்படிப் போனது ஏழாம் எண்? அதற்கு இவன் வாயைத்தான் சொல்ல வேண்டும்.

பின்னால் வந்த லாரி ஒன்று நடைபாதை மேல் ஏறியதில் அக்காவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு கால் கொடுத்தார்கள். அது உறுத்தியது, புண்ணாக்கியது, ரத்தம் வரவைத்தது. கால் செய்கிற தம்பி கடல் கடந்து இருந்துகொண்டு, "கொஞ்சம் பொறுத்துக்கோக்கா, பழகிடும்" என்று போனில் சொன்னான். "உன் தலையில மாட்டிக்கிட்டுப் பழகிப் பாரு" என்று அக்கா போனை வைத்தாள். கண்ணில் படக் கூடாது என்று அந்தக் காலைப் பழைய சாமான்காரனுக்குப் போடச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு கால் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. தெருவில் ரொட்டி வாங்க வேண்டுமென்றால் ஜன்னலிலிருந்து கயிற்றில் பையை இறக்குவாள். டாக்டரிடம் போகும் நாளில் அவள் புருஷன், இவனுடைய மாமா, முதுகில் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்குவார். மாமாவுக்கு லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிற வேலை. ஊரிலுள்ள லிஃப்ட் எல்லாம் அவர் கை பட்டு ஏறி இறங்குகிறது. அவர் குடியிருக்கும் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது.

கண்காட்சியில் கால் செய்து காட்ட ஒரு ஆள் வேண்டும். ஏற்பாடு செய்திருந்த ஆள் வரவில்லை. முதல் நாள் முழுவதும் கால்காரன் காலி நாற்காலிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். ராத்திரி சாப்பாட்டில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா, "நாளைக்கு நான் வரேன். உனக்காக இல்ல. இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிடாதே, சகிக்கல" என்றாள்.

மறுநாள் மாமா முதுகில் இறங்கி வந்தாள். பத்துப் பேர் சுற்றி நிற்க, வலது காலில் மிச்சமிருந்த பாகத்தில் ஈர பிளாஸ்டர் துணியைச் சுற்றி அச்செடுத்தான். அந்த அச்சின் மேல் துணி போட்டு ரெசின் ஊற்றி இறுக வைத்தான். காலை வாங்கிக்கொள்ளும் அந்தப் பாகத்தைப் பட்டறையில் கிண்ணம் என்பார்கள். செயற்கைக் காலில் உயிர் இருப்பது அதில்தான். பைப்பும் பாதமும் யாருக்கும் யாருடையதும் பொருந்தும். கிண்ணம் ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்கு ஆகாது. துணி எது வேண்டும் என்று கேட்டதற்கு, அக்கா மாமாவின் பழைய கட்டம் போட்ட சட்டையைக் கொடுத்தாள். நீலக் கட்டம் போட்ட கிண்ணம் பளபளவென்று வந்தது. ஏழாம் எண் காலிலிருந்த மாதிரிக் கிண்ணத்தை நாலு திருகாணி கழற்றி எடுத்துவிட்டு, அக்காவின் கிண்ணத்தை மாட்டினான். உயரம் அளந்து செய்தது போல இருந்தது. பைப்பில் ஒரு நூல்கூட வெட்ட வேண்டியிருக்கவில்லை. அக்கா எழுந்தாள். மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். திரும்பியும் நடந்தாள். கை தட்டினார்கள். மாமா மட்டும் தட்டவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் இவன் அந்த வாக்கியத்தைச் சொன்னான். கால் செய்கிறவர்கள் ஒவ்வொருவரும், மாட்டிவிட்ட ஒவ்வொரு காலுக்கும், தூக்கத்தில்கூடச் சொல்லுகிற வாக்கியம்: "ரெண்டு நாள் போட்டுப் பாருங்க, எங்கே உறுத்துதுன்னு வந்து சொல்லுங்க." வேறு எந்தத் தொழில்காரனாக இருந்தாலும் கண்காட்சிச் சரக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருப்பான். இவன் வாய் பழக்கதோஷத்தில் அதை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அன்றைக்கு மாடி ஏற்றியதும் மாமாவின் முதுகுதான்.

அதன் பிறகு கழற்று என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. அக்கா அடுப்படியில் நின்று சமைத்தாள். குளியலறைக்கு யாரையும் கூப்பிடாமல் போனாள். அவன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் முணுமுணுத்ததெல்லாம் சுங்க அலுவலகத்தைப் பற்றித்தான். "வெள்ளிக்கிழமைக்குள்ள கணக்குக் காட்டணும்", "அந்த ஆபீசுக்கு எந்த பஸ்?" என்று சுற்றி வளைத்தான். அக்காவும் பஸ் நம்பரைச் சொன்னாள். இன்று காலையில் கண்காட்சிப் பலகைகளை ஏற்றிவிட்டு வந்து பேசிக்கொள்ளலாம் என்று போனான். அதற்குள் அவளே கழற்றிப் பெட்டியில் வைத்திருப்பாள் என்று ஒரு நப்பாசையும் இருந்தது. வந்து பார்த்தால் ஆளையும் காணோம், காலையும் காணோம்.

மாமாவுக்குப் போன் போட்டான்.

"மாமா, அக்கா வீட்ல இல்ல. வெளியே போயிட்டா."

"வெளியேன்னா? மொட்டை மாடிக்கா?"

"கீழே, மாமா. தெருவுக்கு."

போனில் எங்கோ ஒரு லிஃப்ட் கதவு மூடித் திறக்கும் ஓசை கேட்டது. "படியிலயா?" என்றார். "தனியாவா? கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டா?"

"எனக்கெப்படி மாமா தெரியும்? காலோட போயிட்டா! இன்னிக்கு அதைக் கணக்குல காட்டலேன்னா முதலாளி கழுத்துல கத்தி."

"மூணு மாடி" என்றார் மாமா, அவன் சொன்னது எதுவும் காதில் விழாதவராக. "மூணு மாடியும் இறங்கிட்டாளா!"

வேனை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார். வரும் வரை கால்காரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தான். அலமாரிக்கு மேலே பார்த்தான். ஒருவேளை காலைக் கழற்றி வைத்துவிட்டு யாருடனோ சக்கர நாற்காலியில், இல்லை, நாற்காலி இங்கேயே இருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டான். சமையலறையில் ஒவ்வொரு கதவாகத் திறந்தபோது, மேடை மூலையில் ஏழாம் எண்ணின் மாதிரிக் கிண்ணம் நின்றது. உள்ளே இருப்பது வெளியே தெரியும் தெளிவான பிளாஸ்டிக், பட்டறையின் பெருமை. அதில் நாலு கரண்டியும் ஒரு தோசைத் திருப்பியும் குத்தி வைத்திருந்தது. கால்காரன் கரண்டிகளைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்தான்.

செருப்பு வைக்கும் தட்டைக் கடக்கும்போது நின்றான். நாலு வருடமாக அக்கா வாங்கிய ஒவ்வொரு ஜோடியிலும் இடது தேய்ந்தும் வலது புத்தம் புதிதாகவும் இருந்தன. வலதை மட்டும் தூக்கி எறிய அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது; வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். பழுப்பு நிற ஜோடி மட்டும் இல்லை. இரண்டுமே இல்லை.

படிக்கட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். ஒவ்வொரு வளைவிலும் அக்கா உட்கார்ந்திருப்பாளோ, விழுந்து கிடப்பாளோ என்று எட்டிப் பார்த்தான். கீழே ரொட்டிக் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"கயிறு விடுற அம்மாவைத் தேடறீங்களா? காலையில இங்கேதான் நின்னாங்க. யாரோன்னு நெனச்சேன். நான் அவங்க முகத்தை அண்ணாந்து பார்த்துத்தான் பழக்கம். நேருக்கு நேர் பார்த்ததே இல்ல."

"எதுக்கு வந்தாங்க?"

"எதுக்கும் இல்ல. எல்லா ரொட்டியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. இது என்ன, அது என்னன்னு கேட்டாங்க. ஒண்ணும் வாங்கல. கீழேயிருந்து தன் வீட்டு ஜன்னலை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் பஸ் ஸ்டாப் பக்கம் போனாங்க."

"நொண்டினாங்களா?"

கேள்வி அவனை அறியாமல் வந்துவிட்டது. கடைக்காரர் யோசித்தார். "இல்லையே. கொஞ்சம் மெதுவா நடந்தாங்க, அவ்வளவுதான்."

இந்தப் பதிலில் கால்காரனுக்குச் சந்தோஷமும் வந்தது, சந்தோஷப்பட்டதற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது. மாமாவின் வேன் வந்து நின்றது. மேலே ஏணி கட்டிய பழைய வேன். இரண்டு பேருமாகப் பூங்காவில் தேடினார்கள். அக்கா முன்பு வேலை பார்த்த தையல் கூடத்தில் விசாரித்தார்கள். துணிக்கடையில், மருந்துக்கடையில், ஆஸ்பத்திரி வாசலில் கேட்டார்கள். கேட்ட இடத்திலெல்லாம் இப்போதுதான் போனது போலவும் எங்கேயுமே வராதது போலவும் பதில் கிடைத்தது. மாமா ஒவ்வொரு தெருவையும் ஆற அமரச் சுற்றினார். யாராவது வழியில் போனால் வண்டியை நிறுத்தி, "எங்க வீட்டம்மாவைப் பார்த்தீங்களா? நடந்து போயிருப்பாங்க" என்று கேட்டார். அந்த "நடந்து" என்ற சொல்லை அவர் உச்சரிக்கும் விதத்தைப் பார்த்தால், தேடுவதற்கு வந்தவர் மாதிரி இல்லை, ஊருக்கெல்லாம் சேதி சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது.

"மாமா, கொஞ்சம் சீக்கிரம்."

"போலாம் மாப்ளே. அவ திரும்பி வந்துடுவா."

"எப்போ? ஆபீஸ் மூடின அப்புறமா?"

மாமா அடுத்த தெருவுக்குள் வண்டியைத் திருப்பினார். கால்காரன் மடியில் பெட்டி இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி குதிக்கும்போது உள்ளே ஏழாவது இடத்தில் வெறும் கிண்ணம் உருண்டு தட்டியது. அக்கா கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவன், ஏதோ ஒரு திருப்பத்தில், அக்கா கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தான். கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்? நடுத்தெருவில் உட்காரவைத்து, திருகாணி கழற்றும் ஆலன் கீயை எடுத்து, காலைக் கழற்ற வேண்டும். அந்தக் கை தன்னுடையதாக இருக்கும். எத்தனையோ பேருக்கு மாட்டிவிட்டிருக்கிறான். நடக்கிற ஒருவரிடமிருந்து ஒருநாளும் கழற்றியதில்லை.

"ஆபீசுக்கே விடுங்க மாமா" என்றான்.

"ஆறை வச்சிக்கிட்டா?"

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்றேன்."

மாமா வண்டியை ஓரமாக நிறுத்தினார். "உனக்குப் பொய் சொல்ல வருமா மாப்ளே?"

"வரும். கண்காட்சி முடிஞ்சு பஸ்ல வந்தேன். பெட்டியைக் கீழே வச்சேன். எவனோ..." அங்கேயே திக்கியது. எவனோ பெட்டியைத் திறந்து, ஆறு காலை விட்டுவிட்டு, ஏழாவதை மட்டும், அதுவும் கிண்ணத்தைக் கழற்றி வைத்துவிட்டு எடுத்துப் போனானா? நொண்டித் திருடன்தான் அப்படிச் செய்வான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். "கண்காட்சி முடிஞ்சு ஆட்டோவுல வந்தேன்..." வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். முதலாளி முகம் வந்து வந்து போனது. பட்டறையில் தன்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். அக்கா அடுப்படியில் நின்று வெங்காயம் வதக்கிய முதுகு எல்லாருக்கும் முன்னால் நின்றது.

சுங்க அலுவலகம் ஒரு நீளக் கூடம். ஒன்றோடு ஒன்று பிணைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் தண்ணீர்க் கேன், தரையில் எடை போடும் மேடை, பேசுவதற்கு ஓட்டை வைத்த கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி அம்மா மற்றொருவரின் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். கால்காரன் டோக்கன் எடுக்க மெஷினிடம் போனான்.

"எடுக்காதேடா. நான் எடுத்து வச்சிருக்கேன்."

கடைசி வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை, கையில் டோக்கன், காலில் பழுப்புச் செருப்பு. இரண்டு காலிலும்.

மாமா அப்படியே நின்றுவிட்டார். கால்காரனுக்குக் கோபம்தான் முதலில் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கெல்லாம் தேடறது உன்னை? சொல்லிட்டு வரக் கூடாதா? போனையாவது எடுத்துட்டு வரக் கூடாதா?"

"எடுத்துட்டு வந்தா நீ கூப்பிடுவே. கூப்பிட்டா நான் திரும்பி வந்துடுவேன்" என்றாள் அக்கா. "வீட்ல இருந்தா நீ கழட்டுன்னு கேட்க மாட்டே. கேட்டாலும் நான் கழட்ட மாட்டேன். சண்டை போட்டிருப்பேன்டா, கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியாதா? அதான், கழட்டியே ஆகணும்கிற இடத்துக்கு நானா வந்துட்டேன். பஸ்ல வந்தேன். ஒருத்தன் எழுந்து எனக்கு இடம் குடுத்தான். வேண்டாம்னுட்டு நின்னுக்கிட்டே வந்தேன்."

கால்காரன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏதாவது பொய் சொல்லலாம்னு வந்தியா?" என்றாள் அக்கா, அவன் பக்கம் திரும்பாமல்.

"இல்லையே."

"சொல்லு பார்ப்போம்."

அவன் வாயைத் திறந்தான். ஆட்டோவும் வரவில்லை, பஸ்ஸும் வரவில்லை. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

டோக்கன் எண் வந்தது. அக்காவே எழுந்து முன்னால் நடந்தாள். கூடத்தின் கடைசி வரிசையிலிருந்து கண்ணாடித் தடுப்பு வரை. கால்காரனுக்குப் பழக்கம் விடவில்லை. பின்னாலிருந்து அவள் இடுப்பையும் குதிகாலையும் பார்த்துக்கொண்டே போனான். எங்கும் பிசகு இல்லை. அவன் கை பட்ட கால்களிலேயே இதுதான் நேர்த்தியாக நடந்தது. அதைக் கழற்றத்தான் கூட்டிக்கொண்டு போகிறான்.

அதிகாரி பக்கக் கதவைத் திறந்து ஒவ்வொரு காலாக வாங்கி எண்ணைப் பார்த்து டிக் செய்தார். ஒன்று முதல் ஆறு வரை. "ஏழு?"

"இங்கே இருக்கும்மா" என்றாள் அக்கா. நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். கிண்ணத்தின் பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்திப் பூட்டை விடுவித்து, காலை உருவி, செருப்போடு தடுப்பை ஒட்டிய மேடை மேல் வைத்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேனா நின்றது.

"கண்காட்சிக்குக் கொண்டுவந்த சரக்கு" என்றார் அதிகாரி மெதுவாக.

"கண்காட்சியிலதாங்க மாட்டினோம். செஞ்சு காட்டறதுக்கு" என்றான் கால்காரன்.

"செருப்பு பட்டியல்ல இல்ல."

அக்கா செருப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். அதிகாரி காலை வாங்கிப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். "மேல இருக்கிறது படத்துல இருக்கிற மாதிரி இல்லையே. வந்தது வந்த மாதிரி இருக்கணும்."

"மாத்திடறேங்க."

பெட்டியிலிருந்து தெளிவான மாதிரிக் கிண்ணத்தை எடுத்தான். ஆலன் கீயை எடுத்தான். முதல் திருகாணி சுலபமாக வந்தது. இரண்டாவதில் கீ வழுக்கியது. அக்கா குனிந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா அவள் தோளில் கை வைத்தார். மூன்றாவது, நான்காவது. நீலக் கட்டம் போட்ட கிண்ணம் தனியாக வந்துவிட்டது. மாதிரிக் கிண்ணத்தை வைத்து நாலையும் இறுக்கினான். இப்போது ஏழாம் எண் யாருடைய காலும் இல்லை. படத்தில் இருந்தபடியே இருந்தது.

அதிகாரி டிக் செய்தார். பிறகு இரண்டாவது பட்டியலை எடுத்தார். "பிளாஸ்டர் துணி, ரெசின், உறை?"

"செலவாயிடுச்சுங்க."

"எதுல?"

கால்காரன் தயங்கினான். அக்கா நீலக் கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். "இதுல."

அதிகாரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே விரலை விட்டுத் தடவினார். அக்காவின் காலில் இருந்த சின்னச் சின்ன மேடு பள்ளமெல்லாம் அதில் இருந்தது. "துணி?"

"அது என் சட்டைங்க" என்றார் மாமா அவசரமாக. "இங்கேயே வாங்கினது."

"இதை வேற யாராவது உபயோகிக்க முடியுமா? விக்க முடியுமா?"

"இவங்க காலைத் தவிர உலகத்துல எதுக்கும் ஆகாதுங்க" என்றான் கால்காரன்.

"கரண்டி வைக்கலாம்" என்றாள் அக்கா.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். சிரித்தாரா என்று சொல்ல முடியாது. பழக்கத்தில் கிண்ணத்தை ஓட்டை வழியாகத் தள்ளினார். அது ஓட்டைக்குப் பெரிதாக இருந்ததால் எழுந்து பக்கக் கதவு வழியாகவே வந்து அக்கா கையில் கொடுத்தார். திரும்பிப் போய் 'செலவானது' என்று எழுதி முத்திரை குத்தினார். ஏழு வந்தது, ஏழு போகிறது. முதலாளி கழுத்து தப்பியது.

மாமா உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பைப்புக்கும் பாதத்துக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். "அந்தப் பழைய காலைப் போடாம வச்சிருந்தாலாவது..." என்று இழுத்தார். கிண்ணம் கையில் இருக்கிறது, மற்றது எந்த ஊர்ப் பைப்பாக இருந்தாலும் சேரும், மாசம் ஆனாலும் பரவாயில்லை, கேட்டு வாங்குங்கள் என்று கால்காரன் சொல்லிக்கொண்டே தரையில் முட்டி போட்டுப் பெட்டியை அடுக்கினான். ஏழாவது பள்ளம் நிறைந்தது. அவனுக்குத்தான் அதைப் பார்க்க முடியவில்லை. பூட்டு இரண்டு முறை அழுத்தியும் விழவில்லை.

மாமா திரும்பி முதுகைக் காட்டிக் குனிந்தார். அக்கா அசையவில்லை. மடியில் கிண்ணம், கிண்ணத்துக்குள் செருப்பு. அதன் அடிப்பாகத்தில் தெரு மண் அப்பியிருந்தது.

"டேய்" என்றாள். "ரெண்டு நாள் போட்டுப் பாருங்க, எங்கே உறுத்துதுன்னு வந்து சொல்லுங்கன்னியே. நானும் சொல்லலாம்னு பார்க்கறேன், நீ கேட்கவே இல்லையே."

அவன் பூட்டை விட்டு நிமிர்ந்தான். "எங்கேக்கா உறுத்துது?"

"போட்டிருந்த வரைக்கும் எங்கேயும் உறுத்தல." முழங்காலுக்குக் கீழே, ஒன்றும் இல்லாத இடத்தில், நாற்காலியின் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டாள். "இப்பதான்டா."